எஞ்சின் பழுதாகி நின்ற ஊர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் காலை ஒன்பது மணிக்கு இருபது நிமிட இடைவேளை உண்டு. போலந்தில் இருக்கிற ஒரு சின்ன ரயில் ஊரை நான் அறிந்துகொண்டது அந்த இருபது நிமிடங்களில்தான். பதினொரு வருடம், ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று.

சொன்னவர் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த போலந்துக்காரர். நான் பெட்டிகளை அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றிவிடுவேன்; அவர் போர்க்லிஃப்டில் தூக்கிக்கொண்டுபோய் லொறி வாசலில் வைப்பார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலிலும் அவரைக் காண்பேன். டேனிஷ் பூசை முடிந்ததும் கோப்பி குடிக்கிற மண்டபத்தில் தமிழர் ஒரு மேசை, போலந்துக்காரர் ஒரு மேசை, வியட்நாம்காரர் ஒரு மேசை என்று இருப்போம். அவர் கோப்பையோடு எங்கள் மேசைக்கு வந்துவிடுவார். போலந்து மேசையில் எல்லாரும் வீடு வாங்குகிற கதைதான் கதைக்கிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு.

நாங்கள் கதைத்தது டேனிஷில். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழை விடுவதால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். டேனிஷ்காரர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் சிக்கல். அந்தப் பேச்சை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே ‘நீ’தான் என்பதால் அதையும் அப்படியே விடுகிறேன்.

“எங்கட ஊரில ஸ்டேசன் பெரிசு, ஊர் சின்னன்,” என்றார் ஒரு நாள். அதுதான் தொடக்கம்.

நான் சிரித்தேன். எல்லாரும் தங்கள் ஊரைப் பற்றி ஏதாவது பெருமை சொல்வதுதானே. அவர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த பெட்டி மட்டையைக் கிழித்து, பேனையால் இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டார்.

“முதல்ல இங்க ஒண்டும் இல்லை. காடு, ஒரு தண்ணி மில், அவ்வளவுதான். அப்ப அது ஜெர்மனி. ஜெர்மன்காரன் ரெண்டு ரெயில் பாதை போட்டான். ரெண்டும் வெட்டுற இடத்தில எஞ்சினுக்குக் கரியும் தண்ணியும் வேணும். அதுக்கு ஆக்கள் வேணும். ஆக்களுக்கு வீடு வேணும். கடைசியாத்தான் கோயில் வந்தது. தண்ணித் தாங்கி கோயில் கோபுரத்தைவிட உயரம், தெரியுமோ?”

இப்படித்தான் அந்த ஊர் எனக்கு வந்து சேர்ந்தது. செங்கல் வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே யன்னல், வீட்டுக்கு இரண்டு குடும்பம், பின்னால் உருளைக்கிழங்குத் தோட்டம். ஊரில் யாரும் மணி சொல்ல மாட்டார்களாம். “போஸ்னான் வண்டி போன பிறகு வாறன்” என்பார்களாம். பெண்கள் உடுப்புக் காயப்போட முதல் வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார்களாம். எஞ்சின் கொட்டகைப் பக்கமிருந்து காற்று வந்தால் வெள்ளை உடுப்பு ஒன்றும் வெளியே வராது. ரயிலுக்கு ஓடுகிற மனிதரைக் கண்டால் அவர் வெளியூர்க்காரர் என்று நாய்க்குக்கூடத் தெரியுமாம்.

அவருடைய குடும்பம் அந்த ஊருக்கு வந்த கதையைத்தான் நான் அதிகம் கேட்டேன். அவரும் அலுக்காமல் சொல்வார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போலந்தின் எல்லைகளை மேற்கே நகர்த்தினார்கள். அந்த ஊரில் இருந்த ஜெர்மன்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். கிழக்கே சோவியத்துக்குப் போய்விட்ட இடங்களிலிருந்து போலந்துக்காரர்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றி மேற்கே கொண்டுவந்தார்கள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் கல்யாணம் கட்டியவர்கள். ஒரு பசு மாடு, ஒரு தையல் மெசின், ஒரு மரப் பெட்டி. இவர்களுடைய வண்டி இந்த ஊருக்கென்று புறப்பட்டதே அல்ல. இன்னும் நூறு கிலோமீற்றர் தள்ளிப் போக வேண்டியது. இங்கே வந்ததும் எஞ்சின் பழுதாகிவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டார்கள். பதினொரு நாள் அந்த வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். பசுவை ஸ்டேசன் பூந்தோட்டத்தில் கட்டினார்கள். அது பூவை எல்லாம் தின்றது.

“அப்பா அங்க கிழக்கில எஞ்சின் திருத்துற பிற்றர். சும்மா இருக்க ஏலாமல் போய், திருத்துறவைக்கு உதவி செய்திருக்கிறார். எஞ்சின் சரிவந்திட்டுது. ஸ்டேசன் மாஸ்டர் வந்து, ‘நீ எங்க போறாய்? இங்க எஞ்சின் இருக்கு, திருத்த ஆக்கள் இல்லை. இறங்கு’ எண்டிட்டார். வண்டி போச்சு. நாங்கள் நிண்டிட்டம்.”

“அம்மா என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“அம்மா அந்த மரப் பெட்டியை அவிழ்க்கேல்லை. திரும்பிப் போவம், இல்லாட்டி ஜெர்மன்காரன் திரும்பி வருவான் எண்டு நினைச்சவ. நான் பள்ளிக்கூடம் போன வருசம்தான் அந்தப் பெட்டியைத் திறந்தவ. உள்ள இருந்த மேசைத் துணி எல்லாம் மடிப்பில அறுந்து போச்சு.”

டென்மார்க் வந்த புதிதில் ஸ்கீவ என்ற ஊரில் எங்களுக்கு முதலில் கொடுத்த வீட்டில் நானும் ஒரு சூட்கேசை அலுமாரிக்கு மேல் ஆறு வருடம் கட்டியபடி வைத்திருந்தேன். அதைப் பிறகு ஒரு நாள் அவரிடம் சொன்னேன். “ஆறுதானோ?” என்றார். “எங்கட அம்மா பதினைஞ்சு.”

போன வருடம் கோடையில் அவருக்கு வலது தோளில் ஒப்பரேசன் நடந்தது. அவர் ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதலாம் தேதிக்கு ஊருக்குப் போவார். சகல புனிதர்கள் திருநாளில் போலந்தில் எல்லாரும் தங்கள் குடும்பக் கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றுவார்கள். எங்கள் மன்னாரில் அடுத்த நாள், இறந்தவர்களின் நினைவு நாளில், செய்கிற மாதிரி. எப்போதும் காரில் ஒரே ஓட்டமாக ஓடுகிறவரை வைத்தியர் கார் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றுவிட்டார். ரயிலில் போகப் போவதாகக் கோப்பி மேசையில் சொன்னார். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். தோள் ஒப்பரேசன் செய்தவர்களை நிறையப் பார்த்தவள்.

“ஒரு கையோட அந்தாள் எப்பிடி மூண்டு ரெயில் மாறப்போறார்?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “உங்களுக்கு லீவு கிடக்குத்தானே. கூடப் போட்டு வாங்கோ.”

விடுமுறைக்குக் கூப்பிட்டால் வராத அப்பா போலந்துக்கு மட்டும் ஏன் போகிறார் என்று மகள் டேனிஷில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

ஹோர்சன்ஸில் விடியற்காலை ஏறி, ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும் மாறி, எல்லை தாண்டிப் பின்னேரம் அந்த ஊரில் இறங்கினோம். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. ஸ்டேசன் நீளமான செங்கல் மாளிகை. ஆறு மேடைகள். இறங்கியது நாங்களும் ஒரு பெண்ணும் மட்டும். முதலாம் வகுப்புப் பயணிகள் காத்திருந்த மண்டபம் இப்போது ஊர் நூலகம். உயரமான கூரையின் கீழே புத்தக அலுமாரிகள் சின்னப் பெட்டிகள் மாதிரி நின்றன. எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அவருடைய தமக்கை என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி மூன்று முறை கொஞ்சினார். அவருக்குப் போலந்து மொழி தவிர ஒன்றும் தெரியாது. அதனால் எனக்குச் சாப்பாடு போடுவதன் மூலம் மட்டுமே கதைத்தார். மூன்று நாளும் நிறையக் கதைத்தார்.

அடுத்த நாள் காலை தமக்கையும் தம்பியும் கல்லறைக்குப் பூச்சட்டி வாங்கச் சந்தைக்குப் போனார்கள். எனக்கு எஞ்சின் கொட்டகையைப் பார்க்க வேண்டும். பத்து நிமிட நடை. அரை வட்டமான பெரிய கட்டடம். எஞ்சினுக்கு ஒரு கதவு என்று இருபதுக்கு மேல் கதவுகள். நடுவில் எஞ்சினைத் திருப்புகிற சுழல் மேடை. வேலைத்தளம் மூடி எவ்வளவோ காலம். ஓய்வுபெற்ற ரயில்காரர் சிலர் நாலைந்து பழைய நீராவி எஞ்சின்களை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்; பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

அன்று ஒருவர்தான் இருந்தார். எழுபது வயது மதிக்கலாம். நல்ல உயரம், தொப்பி, எண்ணெய்க் கை. நான் வெளியே கிடந்த பழைய பாயிண்ட் லீவர் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று அதன் இரும்புப் பாரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா தலைமன்னார்ப் பாதையில் பாயிண்ட்ஸ்மன், தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். அந்த லீவர் எங்கே போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவர் வந்து என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்றதும் ஜெர்மனில் கேட்டார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஜெர்மன் ரயில்காரர்களிடம் பழகிய ஜெர்மன். எனக்கும் டென்மார்க் வருவதற்கு முன் ஜெர்மன் அகதி முகாமில் ஒன்றேகால் வருடம் இருந்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“உங்களுக்கு இது தெரியுமோ?”

“அப்பா பாயிண்ட்ஸ்மன்.”

“எங்க?”

“இலங்கையில.”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். பிறகு கொட்டகை முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு எஞ்சினுக்குள் ஏறச் சொன்னார். இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன், அவர் தலையை ஆட்டினார். கடைசியில் இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். டென்மார்க், ஹோர்சன்ஸ் என்றேன்.

அவர் எஞ்சின் சில்லில் கையை வைத்தார்.

“அங்க ஒருத்தருக்கு தோளில ஒப்பரேசனாம். எந்தத் தோள்?”

“வலது,” என்றேன், யோசிக்காமல்.

“நல்லது. அவன் ஸ்பானர் பிடிக்கிறது இடது கையால.” பிறகு இன்னும் கேட்டார். இரவில் படுக்க முடிகிறதா, வேலை கடினமா, பூசைக்குப் போகிறவனா, யார் சமைக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லும்போதே அவருடைய முகத்தைப் பார்த்தேன். காது இரண்டும் என் நண்பருடைய காதுகள்.

“நான் அவன்ட தமையன்,” என்றார். “நீங்கள் என்னைக் கண்டதைச் சொன்னாலும் சரி, சொல்லாட்டிலும் சரி.”

பதினொரு வருடக் கதையில் ஒரு தமையன் வந்ததே இல்லை. பசு மாடு வந்தது, தையல் மெசின் வந்தது, தமையன் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். மறைத்து வைக்க எனக்குத் தெரியவில்லை. நண்பர் கரண்டியைக் கீழே வைத்தார். நான் டேனிஷில் சொன்னதில் ஒரு சொல்லும் விளங்காத தமக்கை, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், கழுவிய கோப்பையை மறுபடி கழுவத் தொடங்கினார்.

பிறகு நண்பர் என்னை நடக்கக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிற பாதை அது.

“அண்ணன் வேலைத்தளத்தில போர்மன், மேற்பார்வை பாக்கிறவர். நான் அவருக்குக் கீழ. மூடுறதுக்கு முதல் பாதிப் பேரை நிப்பாட்டச் சொல்லி மேலிடத்தில இருந்து வந்தது. ஆரை எண்டு போர்மன்தான் எழுதிக் குடுக்க வேணும். விளம்பரப் பலகையில ஒட்டியிருந்தது. எல்லாரோடயும் நிண்டு நானும் பார்க்கிறன். முதல் பேர் என்ர.”

“நீ கேக்கேல்லையோ?”

“வீட்ட போய்க் கேட்டனான். ‘உனக்குப் பிள்ளையள் இல்லை, கைவேலை தெரியும், எங்கயும் பிழைப்பாய். உன்னை எழுதாமல் மற்றவனை எழுதினா நான் ஊருக்குள்ள நடக்கேலுமோ’ எண்டார். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனான். பாதியில எழும்பி வந்தனான். அதோட சரி.”

“எத்தினை வருசம்?”

“இருபது தாண்டிட்டுது.”

“அவர் சொன்னது பிழையோ?”

நண்பர் தொடர்ந்து நடந்தார். ஒரு சரக்கு ரயில் போனது. நிற்காமல், வேகத்தைக் குறைக்காமல் அந்தப் பெரிய ஸ்டேசனைக் கடந்து போனது. அது முழுவதும் போய் முடியும்வரை நின்றார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். இருபது பெட்டியோ அறுபது பெட்டியோ, கடைசிப் பெட்டி போன பிறகுதான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

“பிழை இல்லை,” என்றார். “அதுதான் பிரச்சினை.”

திருநாளன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கல்லறைக்குப் போனோம். ஊர் முழுவதும் அங்கேதான் இருந்தது. சாமந்திப் பூச்சட்டிகளும் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவிளக்குகளும். குளிர், ஆனால் இத்தனை விளக்கு எரிகிற இடத்தில் காற்றே சூடாக இருந்தது. அவர்களுடைய அப்பா அம்மாவின் கல்லறையில் ஏற்கெனவே ஒரு பெரிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தமையன் காலை எட்டு மணிக்கே வந்துபோய்விடுவாராம். தம்பி மூன்று மணிக்கு. இத்தனை வருடமும் அந்த நேரத்தை ஒருவரும் சொல்லி வைத்ததில்லை.

ஓரத்தில், மரங்களுக்குக் கீழே, பழைய ஜெர்மன் கல்லறைகள் கொஞ்சம் மிஞ்சி நின்றன. எழுத்து அழிந்த கற்கள். அவற்றிலும் விளக்குகள் எரிந்தன. யார் வைத்தது என்று கேட்டேன். “வாற ஆக்கள்தான்,” என்றார் நண்பர். “ஆரோ வைக்க வேணும்தானே. எங்கட அப்பாவின்ர அப்பா அம்மாவை அங்க கிழக்கில ஆர் பாக்கினம்?”

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய மரச் சிலுவை இருந்தது. அதன் அடியில்தான் எல்லாவற்றையும்விட அதிக விளக்குகள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். கால் வைக்க இடமில்லை. தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக அங்கே ஏற்றுகிறார்கள். அந்த ஊரில் எந்த வீட்டை எடுத்தாலும் பாதிப் பேர் வேறு எங்கோ புதைக்கப்பட்டவர்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள்.

தமக்கை தன் பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து என் கையில் தந்தார். நீல நிறக் கண்ணாடி. எனக்கென்றே வாங்கியிருக்கிறார்.

என் அப்பா இறந்தபோது எனக்கு டென்மார்க்கில் வதிவிட அனுமதி வந்து மூன்று மாதம். நாட்டில் சண்டை, பாதை இல்லை. கடிதம் வந்து சேர்ந்தபோதே நாற்பதாம் நாள் கழிந்துவிட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது எந்த இடம் என்று சரியாகக் காட்ட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இத்தனை காலமும் நான் ஹோர்சன்ஸ் கோயிலில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன்; ஒரு மண்ணில் குனிந்து விளக்கு வைத்ததில்லை. அங்கே, பெயர் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் முழங்காலில் இருந்து, மற்ற விளக்குகளை மெல்ல ஒதுக்கி, ஒரு சின்ன இடம் எடுத்து வைத்தேன். நெருப்புக் குச்சி மூன்று தரம் அணைந்தது. நான்காவது தரம் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கையை மறைப்பாகப் பிடித்தாள். எழும்பும்போது எனக்குக் கண் தெரியவில்லை. நண்பர் தன் நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் நான் தனியே கொட்டகைக்குப் போனேன். நான் செய்தது சரியா பிழையா என்று அப்போது தெரியவில்லை. தமையன் ஒரு பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் போறம்,” என்றேன். “பத்து இருபதுக்கு வண்டி.”

அவர் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த ஊரில எனக்கு ரெயில் நேரம் சொல்ல வந்திருக்கிறீங்கள்.”

பிறகு ஒரு பலகையில் இருக்கச் சொன்னார். கோப்பி தந்தார்.

மறுநாள் பத்து மணிக்கே மேடையில் நின்றோம். தமக்கை கட்டித் தந்த சாப்பாட்டுப் பை எங்கள் துணிப் பையைவிடப் பாரம். பத்து பத்துக்கு எதிர் மேடையில் ஒருவர் வந்து நின்றார். பழைய ரயில்வே மேலங்கி, அயர்ன் பண்ணியது. நண்பர் கண்டார். தலையைத் திருப்பிக்கொண்டார். தமக்கை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதமாம். நாங்கள் மூன்று பேர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் இரண்டு தண்டவாளம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அறிவித்தார்கள். ஐம்பது நிமிடமாம்.

அப்போது எதிர் மேடையிலிருந்து தமையன் உரத்த குரலில் எதையோ சொன்னார். நண்பர் திரும்பாமல் ஒரு சொல் சொன்னார். தமையன் மறுபடி சொன்னார், இப்போது கையையும் நீட்டிக் காட்டி. நண்பர் திரும்பினார். இவரும் கையை நீட்டி, வேறு பக்கம் காட்டி, நீளமாகச் சொன்னார். இரண்டு தண்டவாளத்துக்கு மேலால் சத்தம் போய் வந்தது. சண்டை தொடங்கிவிட்டது என்று பயந்து தமக்கையைப் பார்த்தேன். அவர் கைலேஞ்சியை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நண்பர் பிறகு ரயிலில் சொன்னார்.

தமையன் இருபது வருடத்துக்குப் பிறகு சொன்ன முதல் வசனம்: “ரெயில் சந்தியில சிக்னல் பிழைச்சிருக்கு.”

தம்பி சொன்னது: “இல்லை.”

“சிக்னல்தான். நேற்றும் பிழைச்சது.”

“சிக்னல் பிழைச்சா சரக்கு வண்டியும் நிண்டிருக்கும். விடியப் போனதுதானே, கேட்டனான். மேற்குப் பக்கப் பாயிண்ட் ஒட்டியிருக்கு. முதல் குளிருக்கு அது எப்பவும் ஒட்டும். அப்பா இருக்கேக்கயே ஒட்டினது.”

“அதை மாத்தியாச்சு.”

“மாத்தினவன் சரியா மாத்தேல்லை.”

இதைத் தண்டவாளத்துக்கு மேலால் கத்திச் சொல்ல முடியாது என்று தமையனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆளே இல்லாத தண்டவாளம். ஐந்து அடி வைத்தால் வந்துவிடலாம். ரயில்காரர் அப்படிக் கடக்க மாட்டார். மேடையின் கடைசிவரை நடந்து, சுரங்கப்பாதைப் படியில் இறங்கி மறைந்தார். எங்கள் பக்கப் படியில் தொப்பி முதலில் தெரிந்தது, பிறகு முகம். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தமையன் தன் காலடியில் சப்பாத்து நுனியால் கோடு போட்டுக் காட்டினார். தம்பி அதை அழிப்பதுபோலத் தன் சப்பாத்தால் தேய்த்துவிட்டு வேறு கோடு போட்டார். ஐம்பது நிமிடமும் அது நடந்தது. நானும் தமக்கையும் வாங்கில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றோம்.

வண்டி தூரத்தில் தெரிந்த பிறகுதான் தமையன் அந்த விசயத்தைத் தொட்டார்.

“நான் உன்ர பேரை எழுதினது சரி,” என்றார். “பலகையில ஒட்ட முதல் வீட்ட வந்து உனக்குச் சொல்லியிருக்க வேணும். அது நான் செய்யேல்லை.”

“ஓம்,” என்றார் நண்பர். “அது நீங்கள் செய்யேல்லை.”

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை. தமையன் என் கையிலிருந்த நண்பரின் பையைப் பறித்து, முன்னால் ஏறி, தட்டில் வைத்து, அது விழாதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். வண்டி நகர்ந்தபோது மேடையில் தமக்கை கை காட்டினார். தமையன் கை காட்டவில்லை. சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெர்லினில் நாங்கள் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது நண்பரின் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்துக் கேட்டார். ஒரு நிமிடம்கூட இல்லை. வைத்துவிட்டு மேடையில் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணன். அக்காட்ட நம்பர் வாங்கியிருக்கிறார். சந்திக்கே சைக்கிளில போய் விசாரிச்சவராம்.”

“என்னவாம்?”

“பாயிண்ட்.”

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அந்தப் பதினொரு வருடத்தில் கண்டதில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கத் தொடங்கினார்கள். என்ன கதைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “எது லேட், ஏன் லேட்,” என்றார். மாசி மாதத்தில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஊருக்கே போய்விடுவார் என்று களஞ்சியத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. ஹோர்சன்ஸில் வீட்டை வைத்துக்கொண்டு, நினைத்தபோது போய் வருகிறார். இரண்டு ஊரும் வேண்டும் என்கிறார். எனக்கு அது விளங்குகிறது.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குத் தமையனும் தமக்கையும் ஹோர்சன்ஸுக்கு வந்தார்கள். அதற்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமையன்று, போலந்துக்காரர்கள் ஒரு கூடையில் முட்டை, பாண், உப்பு, இறைச்சி எல்லாம் வைத்து, வெள்ளைத் துணியால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். இத்தனை வருடமும் அதை நாங்கள் மற்ற மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். இந்த முறை என் மனைவியும் ஒரு கூடை கட்டினாள். முட்டை வைத்தாள், பாண் வைத்தாள், அது நிரம்பவில்லை என்று பயித்தம் பணியாரமும் வைத்தாள். சுவாமியார் வரிசையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து எங்கள் கூடைக்கு முன்னால் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு அதற்கும் தெளித்தார்.

மண்டபத்தில் கோப்பிக்கு உட்கார்ந்ததும் தமையன் பணியாரத்தில் ஒன்றை எடுத்து, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடித்தார். என்னவென்று ஜெர்மனில் கேட்டார். பயறு, தேங்காய்ப்பூ, சீனி என்றேன். பயறுக்கு ஜெர்மன் தெரியாமல் கையால் அளவு காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார்.

“நல்லாச் சாப்பிடுறார்,” என்றாள் மனைவி என்னிடம். “இன்னும் கொஞ்சம் கட்டிக் குடுப்பம். ரெயிலில சாப்பிடட்டும்.”

தமையனுடைய மேலங்கியின் முன்பக்கம் எல்லாம் பயித்தம் மா உதிர்ந்து கிடந்தது. நண்பர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, போலந்து மொழியில் எதையோ சொல்லித் திட்டிக்கொண்டே, அதைத் துகள் துகளாகத் தட்டிவிட்டார். தமையன் நாடியை உயர்த்தி, தட்டி முடிக்கும்வரை அசையாமல் இருந்தார்.